விளையாடும் பிள்ளையின் மனம்: எல்லையோரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர்களில் பிள்ளைகளின் விளையாட்டுக்குக் குறைவில்லை. மேற்கே கால்பந்தும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டிகளும், கிழக்கே பொள்ளாச்சிப் பக்கம் கபடியும் வாலிபாலும், இரண்டு பக்கமும் கிரிக்கெட்டும் நடக்கின்றன. பாலக்காடு மாவட்டத்துக்குப் பள்ளித் தடகளத்தில் பெரிய பெயர் இருப்பதால், நன்றாக ஓடும் பிள்ளை ஒன்று கண்ணில் பட்டால் அதை மைதானத்துக்கு அழைத்துச் செல்ல ஆள் வந்துவிடும். இவ்வளவு இருந்தும், விளையாடினால் மனதுக்கு நல்லது என்ற ஒரு வரியைத் தாண்டிப் பெற்றோர் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்த வரி பாதிதான் உண்மை. ஒரே விளையாட்டு ஒரு பிள்ளையைத் தேற்றுகிறது, இன்னொன்றை வாட்டுகிறது. எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம். ஆகவே இந்த வழிகாட்டி, மைதானத்தின் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்காக எழுதப்படுகிறது.

உடல் ஓடும்போது மனதில் நடப்பது

ஓடியாடும்போது மூளையில் எண்டார்ஃபின், செரட்டோனின் போன்ற வேதிப்பொருட்களின் ஓட்டம் மாறுவதும், தொடர்ந்த உடற்பயிற்சி தூக்கத்தைச் சீராக்குவதும் பலர் கேள்விப்பட்டவை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பயன் உண்டு. பயம் வரும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், உள்ளங்கை வியர்க்கும். ஓடும்போதும் இவைதாம் நடக்கின்றன. வாரம் முழுவதும் விளையாடும் பிள்ளை, இந்தப் படபடப்பு ஆபத்தான ஒன்றில்லை, சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பாலேயே அறிந்துகொள்கிறது. தேர்வு அறையிலோ மேடையிலோ அதே படபடப்பு வரும்போது அந்த அறிவு கைகொடுக்கிறது.

இதற்கு மேல், கூடி விளையாடுவதால் வரும் பயன் தனியானது. அமெரிக்காவில் 9 முதல் 13 வயது வரையிலான 11,235 பிள்ளைகளின் தரவுகளை வைத்து 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், குழு விளையாட்டு ஆடும் பிள்ளைகளிடம் பதற்றம், சோர்வு, ஒதுங்கிப்போதல் ஆகிய சிக்கல்கள் விளையாடாத பிள்ளைகளைவிடக் குறைவாகக் காணப்பட்டன. ஆனால் டென்னிஸ், மல்யுத்தம் போன்ற தனிநபர் விளையாட்டை மட்டுமே ஆடும் பிள்ளைகளிடம் இந்தச் சிக்கல்கள், எதுவும் விளையாடாதவர்களைவிடவும் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. இதைக் கொண்டு தனி ஆட்டம் பிள்ளையைக் கெடுக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. இயல்பிலேயே பதற்றம் மிகுந்த பிள்ளைகள் தனி ஆட்டத்தை நாடியிருக்கவும் கூடும். ஆயினும், தனியாக ஓடித் தோற்கும் பிள்ளைக்கு அந்தத் தோல்வியைப் பங்கிட ஆள் இல்லை, பார்ப்பவர்களின் கண்கள் எல்லாம் அதன் மேல்தான் என்பதை நாம் ஊகிக்கலாம். தடகளம் செழித்த இந்த மாவட்டத்தில் இதிலிருந்து செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை ஓட்டக்காரியாகவோ நீளம் தாண்டுபவனாகவோ இருந்தால், பயிற்சியாவது நாலைந்து பேரோடு சேர்ந்து நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரிலே அணியில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். அது இயலாவிட்டால், மாலையில் அரை மணி நேரம் தெருப் பிள்ளைகளோடு பந்து உதைப்பதை நேர விரயம் என்று தடுக்காதீர்கள்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியது. இதற்குப் போட்டி விளையாட்டுதான் தேவை என்பதில்லை. சைக்கிளில் பள்ளிக்குப் போவதும், தென்னந்தோப்பில் ஓடிப் பிடித்து விளையாடுவதும் இந்தக் கணக்கில் சேரும்.

எந்த விளையாட்டு, எந்த வயதில்

பத்துப் பன்னிரண்டு வயது வரை ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போடாமல், இரண்டு மூன்றை மாற்றி மாற்றி ஆடவிடுவது நல்லது. நார்வே நாட்டில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: 11 வயதாகும் ஆண்டுக்கு முன் பிள்ளைகளின் போட்டிகளில் புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடுவதில்லை, தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் 13 வயதிலிருந்துதான் சேர்க்கிறார்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களை அள்ளும் நாடு அது என்பதால், இந்தப் பொறுமை பிள்ளைகளைச் சோம்பேறியாக்கிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. நம் பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் ஐம்பது மீட்டர் ஓட்டத்தையே மாவட்டத் தேர்வுபோல் பார்ப்பவர்கள் உண்டு. ஆண்டு விழாவில் குட்டி ஓட்டப் பந்தயம் வைக்கும்போது, முதல் மூன்று பேருக்கு மட்டும் கோப்பை என்பதை விட்டு, ஓடிய எல்லாருக்கும் கையில் ஏதாவது கொடுத்து அனுப்பும்படி ஊர்ச் சங்கத்தினரிடம் சொல்லிப் பாருங்கள்.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில் பிள்ளையின் சொல் முதலில் நிற்கட்டும். தந்தை ஒரு காலத்தில் கபடி வீரர் என்பதால் மகனும் கபடிக்குப் போக வேண்டும் என்ற எழுதாத சட்டம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு மாதம் ஆடிப் பார்த்த பிறகு பிடிக்கிறதா என்று கேட்பதாகச் சொல்லி, அந்த மாத முடிவில் உண்மையிலேயே கேட்க வேண்டும். பிடிக்கவில்லை என்ற பதில் வந்தால் அதை ஏற்கும் மனநிலையோடு கேட்க வேண்டும்.

வீடு திரும்பும் வழியில்

பிள்ளையின் மனதை விளையாட்டு எப்படித் தொடும் என்பதில் பெரும்பங்கு, ஆட்டம் முடிந்து வண்டியில் ஏறியதிலிருந்து வீட்டுக்கு வந்து சோறு உண்ணும் வரையுள்ள நேரத்துக்கு இருக்கிறது. அப்போது பிள்ளை களைத்திருக்கும், உடம்பு சூடாயிருக்கும், நடந்தவை அதன் மனதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சொல்லப்படும் அறிவுரை எதுவும் உள்ளே இறங்காது. குற்றச்சாட்டாக மட்டும் தங்கும். ஆகவே முதலில் தண்ணீர், பிறகு தின்ன ஏதாவது, அதற்குப் பிறகுதான் பேச்சு. அந்தப் பேச்சையும் பிள்ளையே தொடங்கட்டும். வண்டியில் பத்து கிலோமீட்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தால் அதிலும் தவறில்லை.

நம் வீடுகளில் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வரும் கேள்வி, ‘ஜெயிச்சியா?’ என்பது. தாத்தா கேட்பார், பக்கத்து வீட்டு அத்தை கேட்பார், பால் ஊற்ற வந்தவரும் கேட்பார். கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆயினும் ஒரே மாலையில் நாலு பேரிடம் ‘இல்லை’ என்று சொல்ல நேரும் பிள்ளை, அடுத்த முறை போட்டி இருப்பதையே வீட்டில் சொல்லாமல் மறைக்கும். இதைத் தடுக்க ஒரு வழி, வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது. ‘ஆட்டம் எப்படி இருந்துச்சு, கண்ணு?’ என்று கேட்டால் போதும். வென்ற பிள்ளை தானாகவே வென்றதைச் சொல்லும். தோற்ற பிள்ளைக்கு, கீழே விழுந்ததையோ நண்பன் அடித்த கோலையோ சொல்லி அந்தக் கேள்வியைக் கடக்க வழி கிடைக்கும்.

தோற்றுவிட்டு அழும் பிள்ளையிடம், ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ என்பதும், ‘ஆம்பளப் பையன் அழலாமா’ என்பதும் அழுகையை நிறுத்தும், துயரத்தை நிறுத்தாது. ‘கஷ்டமாத்தான் இருக்கும் சாமி, இவ்வளவு நாள் ஓடியிருக்கயே’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே போதும். ஆறுதலுக்காக நடுவர் மேல் பழி போடுவதும் வேண்டாம். அது அந்த இரவுக்கு இதமாக இருக்கும், ஆனால் தோல்வியைத் தாங்கும் வலுவைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடும்.

பாராட்டும்போது பிள்ளை செய்த ஒன்றைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். ‘நீதான் சூப்பர்’ என்ற சொல்லில் பிள்ளை பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்த ஆட்டத்தில் சூப்பராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையையும் அது கூட்டும். ‘ரெண்டாம் பாதியில கால் ஓஞ்சு போன பொறகும் பின்னால ஓடி வந்து பந்தைத் தடுத்தயே, அதை நான் பார்த்தேன்’ என்பது தன் கையில் உள்ள ஒன்றுக்காக வரும் பாராட்டு. திருத்தம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மறுநாள் சொல்லுங்கள், ஒன்று மட்டும் சொல்லுங்கள், அதையும் ‘சொல்லட்டுமா?’ என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் ‘பாஸ் கொடு’ என்கிறார், தந்தை ‘நீயே அடி’ என்கிறார். இரண்டு குரலுக்கும் நடுவில் பந்து காலை விட்டுப் போகிறது; வசவு மட்டும் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. பாலக்காட்டைச் சேர்ந்த நீளம் தாண்டும் வீரர் எம்.ஸ்ரீசங்கர் 2022ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றார். அவருக்குப் பயிற்சி அளித்தவர் அவருடைய தந்தை எஸ்.முரளி. இதைச் சொல்லித் தாமும் பயிற்சியாளராக இறங்கும் தந்தையரைப் பார்க்க முடிகிறது. முரளி, இந்தியாவுக்காக மும்முறைத் தாண்டலில் களம் கண்டவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தொழில் தெரிந்த தந்தையின் நிலை வேறு. மற்றவர்கள் கைதட்டுவதோடு நிறுத்திக்கொண்டால், பிள்ளைக்கு மைதானத்தில் ஒரு பயிற்சியாளரும் வீட்டில் ஒரு தந்தையும் இருப்பார்கள்.

கைப்பேசியில் எடுத்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன், போடலாமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். பெனால்டியைத் தவறவிட்ட காட்சியை முப்பது உறவினர் பார்த்துச் சிரிக்கும் முகக்குறி போடுவதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எளிதில் மறக்காது.

பயிற்சியாளரைத் தேர்வது

பிள்ளையைச் சேர்க்கும் முன் இரண்டு மூன்று நாள் மைதானத்தின் ஓரத்தில் சும்மா நின்று பாருங்கள். எத்தனை கோப்பை அலமாரியில் இருக்கிறது என்பதைவிட, தவறு செய்த பிள்ளையிடம் அவர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ‘என்ன பண்ணிட்டே’ என்று கத்துகிறாரா, எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறாரா? நன்றாக ஆடாத பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறதா? தோற்றால் கூடுதல் சுற்று ஓடவிடும் தண்டனை உண்டா?

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் என்னும் உளவியலாளர்கள் 1970களிலிருந்து சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களிடம் இதைத்தான் ஆராய்ந்தார்கள். முயற்சியைப் பாராட்டுவது, தவறுக்குப் பிறகு ஊக்கப்படுத்தித் திருத்துவது, தண்டிக்காமல் இருப்பது ஆகியவற்றைச் சில மணி நேரப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். 1992ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, அந்த வகுப்புக்கு வராத பயிற்சியாளர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டு ஆட்டத்தைக் கைவிட்டார்கள். வந்தவர்களிடம் ஆடியவர்களில் கைவிட்டவர்கள் 5 விழுக்காடுதான். தன்னம்பிக்கை குறைந்திருந்த பிள்ளைகளுக்கே இதனால் அதிகப் பயன் கிடைத்ததாகவும் அவர்கள் கண்டார்கள். கத்தினால்தான் பிள்ளை உருப்படும் என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லையோரத்தில் இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் தமிழ், தமிழ் வழிப் பள்ளி, மைதானத்தில் மட்டும் மலையாளம் என்று வளரும் பிள்ளைக்கு மலையாளம் புரியாமல் இல்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவில் வேகமாக வரும் கட்டளை ஒரு நொடி தாமதமாகத்தான் உள்ளே போகும். அந்த ஒரு நொடியை மந்த புத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. ‘மனசிலாயில்ல மாஷே, ஒண்ணுகூடி பறயாமோ?’ (புரியவில்லை சார், இன்னொரு முறை சொல்கிறீர்களா?) என்று கூச்சமில்லாமல் கேட்கப் பிள்ளையை வீட்டிலேயே பழக்குங்கள். சித்தூர் தாண்டி மேற்கே போகும் அணிகளில் தமிழ்ப் பிள்ளையைப் ‘பாண்டி’ என்று கூப்பிடுவதும் நடக்கிறது. சில நேரம் அது வெறும் சீண்டல், சில நேரம் இழிவு. பிள்ளைக்கு வலிக்கிறதா என்பதுதான் அளவுகோல். வலிக்கிறதென்றால், மைதானத்தில் நின்று சண்டை போடாமல் பயிற்சியாளரைத் தனியாகப் பார்த்து, இந்தப் பெயர் இனி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் அன்றே நிறுத்துவார், நிறுத்தாதவரிடமிருந்து பிள்ளையை அழைத்து வந்துவிடலாம். கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்து முகாம்களுக்கு வரும் மலையாளப் பிள்ளைகளை நம் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பயிற்சியாளரோடு பிள்ளை தனியாகப் பயணம் செய்வதும், பூட்டிய அறையில் மசாஜ் செய்வதும், இரவில் தனிச் செய்திகள் பரிமாறுவதும் எந்த நல்ல முகாமிலும் தேவைப்படாதவை. ஏதாவது நடந்ததாகப் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இதற்காகவே இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

நேரமும் தூக்கமும் வெயிலும்

அதிகாலை ஐந்தரைக்குப் பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் மீண்டும் மைதானம், இரவு ஒன்பது வரை டியூஷன் என்று ஓடும் பிள்ளையிடம் எரிச்சலும் அழுகையும் மிகுந்தால், மனநோயைத் தேடும் முன் தூக்கத்தைக் கணக்குப் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாமலும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும். காலைப் பயிற்சி வேண்டுமென்றால் இரவு டியூஷனைக் குறைத்தாக வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள 24 மணி நேரத்தில் இடமில்லை. கோடைக்காலத்தில் விளக்கொளியில் நள்ளிரவை நெருங்கும் வரை நடக்கும் செவன்ஸ் ஆட்டங்களுக்குப் பிள்ளையை அழைத்துப் போனால், மறுநாள் காலைப் பயிற்சிக்கு விடுப்புக் கொடுங்கள்.

எவ்வளவு பயிற்சி அதிகம் என்பதற்கு விளையாட்டு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்குச் சொல்வார்கள்: வாரத்துக்கு முறையான பயிற்சி மணி நேரம், பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு வாரம் பத்து மணி நேரம் என்பது மேல் வரம்பு. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். ஆண்டில் சில வாரங்கள் அந்த விளையாட்டை விட்டே விலகியிருப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாயில் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி நிற்பதால், இந்த இடைவெளியை அந்த மாதங்களில் வைப்பது பொருத்தம். விளையாடித்தான் ஆக வேண்டுமென்றால் காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். உடலில் நீர் குறைந்த பிள்ளைக்குத் தலைவலியும் சிடுசிடுப்பும் வரும், அதைத் திமிர் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை அடியோடு நிறுத்துவது இரண்டு மாநிலத்திலும் வழக்கமாகிவிட்டது. பிள்ளைக்கு மன அழுத்தம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில், அதை இறக்கிவைக்கப் பழகியிருந்த ஒரே வழியை அடைப்பது விவேகமான காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. போட்டிகளைக் குறைக்கலாம், வெளியூர் முகாம்களைத் தவிர்க்கலாம். ஆனால் மாலையில் முக்கால் மணி நேர ஆட்டம் தேர்வுக்கு முந்தின நாள்வரை தொடரட்டும்.

பெயர் பட்டியலில் இல்லாதபோது

சப்ஜில்லா (துணை மாவட்டம்), ரெவின்யூ ஜில்லா (வருவாய் மாவட்டம்), மாநிலம் என்று படிப்படியாக ஏறும் கேரளப் பள்ளி விளையாட்டில், ஒவ்வொரு படியிலும் பெரும்பாலான பிள்ளைகள் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். விளையாட்டுக்காகத் தேர்வில் கிரேஸ் மார்க் (கூடுதல் மதிப்பெண்) கிடைக்கும் என்ற கணக்கும் சேர்ந்துவிட்டால், ஓட்டத்தில் தோற்ற பிள்ளை தேர்விலும் தோற்றுவிட்டதாக எண்ணும். இந்த மதிப்பெண் பேச்சைப் பிள்ளையின் காதுபடப் பேசாமல் இருப்பது முதல் உதவி. இரண்டாவதாக, அணித் தேர்வுக்குப் போகும் முன்பே, ‘பேரு வந்தா என்ன பண்ணுவோம், வராட்டி என்ன பண்ணுவோம்’ என்று இரண்டையும் பேசி வைக்க வேண்டும். வராவிட்டால் மறுநாள் மாலை என்ன செய்வது என்பது முன்பே தெரிந்திருந்தால், அந்த மாலை அவ்வளவு வெறுமையாக இருக்காது.

முண்டூரைச் சேர்ந்த பி.யு.சித்ரா 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றும், அந்த ஆண்டு லண்டன் உலகப் போட்டிக்கான இந்திய அணியில் அவருடைய பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் சேர்க்கச் சொல்லியும், காலம் கடந்துவிட்டதால் உலகத் தடகள அமைப்பு இடம் தரவில்லை. அவர் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலமும், 2019ஆம் ஆண்டு தோஹாவில் மீண்டும் ஆசியத் தங்கமும் வென்றார். பக்கத்து ஊர்க்காரரின் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சொல்லும்போது, பட்டியலில் பெயர் இல்லாத அந்த வாரம் அவருக்கும் கசப்பாகத்தான் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெற்றியை மட்டும் சொன்னால், வருந்துவதே தவறு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு வேறு விதமான வாட்டம் உண்டு. ‘அடுத்த மேட்சுல எறங்கறதுக்கு நான் எதைச் சரி பண்ணணும், மாஷே?’ என்று பிள்ளையே பயிற்சியாளரிடம் கேட்கட்டும். அந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்டால் அது சிபாரிசாக மாறிவிடுகிறது.

பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்

146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினரும் ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினரும் போதிய அளவு உடலை அசைக்கவில்லை. நம் ஊர்களில் இந்த இடைவெளிக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வயதுக்கு வந்த பிறகு அரைக்கால் சட்டையைப் பற்றி ஓர் அத்தை ஏதாவது சொல்வார், மைதானத்தில் கழிப்பறை இருக்காது, ஆறரை மணிக்கு இருட்டிவிட்டால் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை துணை இருக்காது. இவை மூன்றுக்குமே வழி உண்டு. முழங்காலுக்குக் கீழே வரும் ஆடையை அனுமதிக்கும்படி பள்ளியிடம் கேட்கலாம். மாதவிடாய் நாளில் ஆடுவதா வேண்டாமா என்பதை மகளே முடிவு செய்யட்டும். ஆடினால் கெடுதல் எதுவும் இல்லை. ஒரே பாதையில் வரும் நாலு வீட்டார் முறைவைத்து அழைத்து வரலாம். உடல் எடையைப் பற்றிப் பயிற்சியாளர் எல்லார் முன்னிலும் பேசுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். எடை குறைக்கச் சாப்பாட்டைத் தவிர்க்கும் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோவதும் எலும்பு பலவீனமாவதும் மனச்சோர்வும் சேர்ந்து வரக்கூடும்; மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எப்போது உதவி தேட வேண்டும்

போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வராமலிருப்பது இயல்பு. போட்டி நாள்தோறும் காலையில் வயிற்றுவலி வருவது, காயத்தை மறைத்து ஆடுவது, அல்லது ஆறிப்போன காயத்தை இன்று காட்டி ஆட்டத்திலிருந்து தப்பப் பார்ப்பது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் சோர்வு, பிடித்த உணவிலும் நாட்டமின்மை ஆகியவை கவனிக்க வேண்டியவை. தலையில் அடிபட்ட பிறகு பிள்ளை எரிந்து விழுவதோ மந்தமாக இருப்பதோ மூளை அதிர்ச்சியின் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கு மீண்டும் களத்தில் இறக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், அவர் சொல்லும்வரை ஆட்டம் கூடாது. ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற வகைப் பேச்சு ஒரு முறை வந்தாலும் விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாக வேண்டும்போல் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அன்றிரவு பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆகவே உதவி தேடுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. 2022ஆம் ஆண்டு தொடங்கிய டெலி-மனஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல சேவையின் 14416 என்ற எண் கட்டணமில்லாதது, இரவு பகல் இயங்குவது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104 ஆகிய எண்களும் உண்டு. எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்ற குழப்பம் இருந்தால் 14416 போதும். மனதில் உள்ளதைத் தாய்மொழியில் சொல்வதுதான் பிள்ளைக்கு எளிது என்பதால், மருத்துவமனைக்குப் போனாலும் தமிழில் பேசும் ஆலோசகர் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

உதவி பெறும் காலத்தில் விளையாட்டை நிறுத்த வேண்டுமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு உடலசைவு உதவும், ஆனால் போட்டி உதவாமல் போகலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனநலத்தை முன்னிட்டு அணிப் போட்டியின் இடையில் விலகினார். 2024ஆம் ஆண்டு பாரிசில் மூன்று தங்கம் வென்றார். விலகினால் எல்லாம் என்றைக்குமாக முடிந்துவிடுவதில்லை என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அதே நேரம் திரும்பி வந்தே தீர வேண்டும் என்ற கெடுவையும் வைக்காதீர்கள். ஜெர்சியை மடித்துப் பரணில் போடாமல், பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்திருங்கள். திரும்பும் நாள் வந்தால் முதல் இரண்டு வாரம் பயிற்சி மட்டும், அதுவும் பாதி நேரம், போட்டி எதுவும் வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் போக மனமில்லை என்று பிள்ளை சொன்னால் அன்று வீட்டில் இருக்கட்டும். மறுநாள் மீண்டும் கேளுங்கள்.